பெட்டிக்குத் தெரியாதவர்

என் கணவர் இறந்து பதினான்கு மாதங்கள் ஆன பிறகும் நான் தினமும் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அது எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். சரவணம்பட்டியில் எங்கள் அடுக்ககத்தில் ஐம்பத்தாறு வீடுகள். அவற்றில் நாற்பத்தொரு வீட்டுக்கு அது தெரியும் என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு எனக்குத் தெரியவந்தது. இதெல்லாம் நடந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. தேதிகள் முன்பின் இருக்கலாம். பேச்சுகள் அப்படியே நினைவில் இருக்கின்றன.

காதுப்பொட்டு பரவியிருந்த காலம் அது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், மிளகு அளவுதான் இருக்கும். வாயைத் திறக்க வேண்டியதில்லை. யாரிடம் பேச வேண்டுமோ அவரை நினைத்துக்கொண்டு தொண்டைக்குள்ளேயே சொன்னால் போதும், அவர் காதில் கேட்கும். மாமியார் எதிரில் உட்கார்ந்தபடியே மாமியாரைப் பற்றிக் கணவனிடம் சொல்லலாம் என்பதால் ஒரே வருடத்தில் எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு தகடு. தகட்டிலிருந்து ஒரு கேபிள். ஐம்பத்தாறு கேபிள்களும் தரைத்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் இருந்த ஸ்விட்சில் போய்ச் சேரும். விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை, பச்சை விளக்குகள் மினுக்கும் ஒரு பெட்டி. ஒவ்வொரு பொட்டுக்கும் ஒரு முகவரி உண்டு; அதை வைத்து யார் பேச்சை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று அதுதான் பார்த்துக்கொள்ளும். நாங்கள் அதைப் பெட்டி என்றே சொல்வோம்.

என் கணவர் தண்டபாணி மோட்டார் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் தரச் சோதனையில் இருந்தார். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தை வைத்தே அதன் குறையைச் சொல்லிவிடுவார். மனிதர்களின் சத்தத்துக்கு அவரிடம் 'ம்' என்ற ஒரே பதில்தான் இருந்தது. அவர் போன பிறகு அவருடைய பொட்டை அதன் சார்ஜ் கிண்ணத்தில் போட்டு, சமையலறை அலமாரியில் காபித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்று மணிக்குத் தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அவரிடம் பேசுவேன். பொட்டில் ஒரு சிறு நீல விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பதில் வராது. நாற்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

என்ன பேசுவேன் என்றால், அடுக்ககத்தைத்தான் பேசுவேன். யார் வீட்டில் என்ன, யாருக்கு என்ன திமிர், இதுதான்.

பிறகு தாராபுரத்தில் தங்கை பேத்திக்குக் காதுகுத்து வந்தது. நான்கு நாள் போயிருந்தேன். ஊருக்குக் கிளம்பினால் ஃபிரிட்ஜைக் காலி செய்து, கேஸை மூடி, கரண்ட் மெயினை அணைத்து, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் ஏற்படுத்திய வழக்கம்தான். அன்றைக்கும் மெயினை அணைத்தேன். அலமாரியில் கிண்ணம் இருந்தது என் புத்தியில் ஏறவில்லை. திரும்பி வந்தபோது பொட்டு இருண்டு கிடந்தது. மெயினைப் போட்டதும் நீல விளக்கு மறுபடி எரிந்தது. அப்பாடா என்று தேநீர் போட்டேன்.

"ஏனுங், நான் ஊருக்குப் போறப்ப எரியாத வராந்தா பல்பு இன்னும் எரியலை. அந்த செக்ரட்டரிக்குக் கண்ணு இருக்குதா இல்லையா தெரியலை" என்று ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை வராந்தாவில் புது பல்பு எரிந்தது.

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று மதியம், செயலாளர் ராஜமாணிக்கம் தலைக்குச் சாயம் அடிப்பதைப் பற்றிச் சொன்னேன். "முன்னால கறுப்பு, பின்னால வெள்ளை. கண்ணாடியில தெரியற வரைக்கும் அடிச்சுட்டு விட்டுடறாருங். முன்னால இருந்து பாத்தா நாப்பது, பின்னால இருந்து பாத்தா எழுபது." அடுத்த நாள் அவர் தொப்பி போட்டுக்கொண்டு நடமாடினார். வெயில் இல்லை, மழையும் இல்லை.

மூன்றாவது, மேல்வீட்டு பிரமிளா. அவள் கொடுத்தனுப்பும் அரிசிம்பருப்பு சாதத்தில் உப்பைக் கொட்டியிருக்கிறாளா, உப்பில் சாதத்தைக் கொட்டியிருக்கிறாளா என்று புரியவில்லை என்றேன். வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்பினாள். உப்பே இல்லை.

அப்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உயிரோடிருந்தபோது எங்கள் குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற ஆறு மாதம் எடுத்துக்கொண்ட மனிதர் இவர். போன பிறகு சொன்னதெல்லாம் மறுநாளே நடக்கிறது. நான் பொட்டுக்கு முன்னால் விளக்கேற்றினேன். வேண்டுதல்களும் பெருகின. லிஃப்டில் வெற்றிலை துப்புகிறார்கள், பாருங்கள் என்றேன். நின்றது. ஆறாம் மாடி நாயைக் கட்டி வைக்கச் சொல்லுங்கள் என்றேன். கட்டினார்கள். மூன்று வாரத்தில் அடுக்ககம் நான் வந்த நாளிலிருந்து பார்க்காத அளவுக்குச் சுத்தமாகிவிட்டது. எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் என்னைக் கண்டதும் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்கள்.

"உங்களுக்கு இவ்வளவு செல்வாக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்" என்று அவரிடம் சொன்னேன்.

பிறகுதான் அறிவிப்பு ஒட்டினார்கள். ஞாயிறு காலை பத்து மணி, அவசரக் கூட்டம். பொருள்: இறந்த உறுப்பினர் தண்டபாணி அவர்களின் முகவரியைப் பெட்டியிலிருந்து நீக்குதல்.

கூட்டத்துக்குப் போகும்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ராஜமாணிக்கம் முப்பது வருடம் தலைமை ஆசிரியராக இருந்தவர். தொப்பியோடு எழுந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தே பேசினார்.

"மூணு வாரமா ஒரு பிரச்சனைங்க. சுகுணாம்மா அவங்க ஊட்டுக்காரர்கிட்டப் பேசறது எல்லா ஊட்டுக்கும் கேக்குதுங்க. எத்தனை பேருக்குக் கேட்டுதுன்னு கை தூக்குங்க."

ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. அவர் விரல் நீட்டி எண்ணினார், தன் கையையும் சேர்த்து. நாற்பத்தொன்று. நோட்டில் எழுதிக்கொண்டார்.

எனக்கு முதலில் விளக்கேற்றியதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு உப்பு. பிறகு சாயம். அதற்கப்புறம் வேறு சில, யாருக்கும் சொல்லாமல் அவரிடம் மட்டும் சொன்னவை. படுக்கையின் அவர் பக்கத்தில் நான் துணிகளை மடித்து வைத்துக்கொள்வது போன்றவை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

பெட்டியைப் பராமரிக்கும் ஜெசிந்தாவையும் வரவழைத்திருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். ஸ்குரூடிரைவர் செருகிய சட்டைப் பையோடு ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள், எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, நடுவுல அந்தப் பொட்டு சார்ஜ் இறங்கி முழுசா அணைஞ்சுதுங்களா?"

"நாலு நாள் ஊருக்குப் போயிருந்தேன். மெயினை அணைச்சுட்டேன் கண்ணு."

"அதாங்க." அவள் சபையைப் பார்த்துத் திரும்பினாள். "இந்தப் பெட்டிக்கு நம்மளை யாரையும் முன்கூட்டித் தெரியாதுங்க. ஒருத்தர் பேசினா, ஓ, இந்த முகவரி இந்த போர்ட்ல, கேபிள் சொருகற இந்த ஓட்டையில, இருக்குதுன்னு எழுதி வெச்சுக்கும். பேசறவங்களை வெச்சுத்தான் ஆளைக் கத்துக்கும். சும்மா கேட்டுட்டு மட்டும் இருக்கறவங்களை அதுக்குத் தெரியாது. அஞ்சு நிமிஷம் பேச்சு வரலைன்னா அழிச்சிடும்."

"அஞ்சு நிமிஷமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"என்ற ஊட்டுக்காரர் உசுரோட இருந்தப்பவே அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசாம இருப்பாரே" என்றேன். என்னை அறியாமல் வாய் வழியாகவே வந்துவிட்டது. நான்கைந்து பேர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"பொட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை 'இருக்கேன்'னு தானாச் சொல்லுங்க. அதனாலதான் பதினாலு மாசமா பெட்டிக்கு அவரைத் தெரிஞ்சுது. முழுசா அணைஞ்சு திரும்பி வந்தா, அதைப் போட்டிருந்தவர் குரல்ல ஒரு வார்த்தை கேட்டாத்தான் முழிக்கும். இப்ப விளக்கு மட்டும் எரியுது. 'இருக்கேன்' சொல்றதில்லை."

"சரிம்மா, அதுக்கு எங்களுக்கு ஏன் கேக்குது?" என்றார் ராஜமாணிக்கம்.

"தெரியாத முகவரிக்கு ஒரு பேச்சு வந்தா பெட்டி தூக்கிப் போடாதுங்க. எந்த வீட்ல இருக்காரோன்னு எல்லா வீட்டுக் கதவையும் தட்டும். யாராவது 'நாந்தான்'னு சொல்ற வரைக்கும் தட்டிட்டே இருக்கும்."

"பாத்தீங்களா. பெட்டியோட தப்பு" என்றார் அவர் சபையிடம்.

"இல்லைங்க சார், பெட்டி சரியாத்தான் பண்ணுது. தட்டினாலும் உங்க பொட்டு கதவைத் திறக்கக் கூடாது. தனக்கு வராத பேச்சைப் பொட்டு கேட்காமலே விட்டுடும். அப்படித்தான் செஞ்சு அனுப்பறாங்க." அவள் கொஞ்சம் தயங்கினாள். "கேட்டுதுன்னா, செட்டிங்ஸ்ல ஏழாவது பக்கம் போயி 'எல்லாம் கேள்'ங்கறதை ஆன் பண்ணியிருக்கணும். தானா ஆன் ஆகாது. 'நிச்சயமா?'ன்னு ரெண்டு தடவை கேட்கும்."

இன்னும் தூக்கியபடியே இருந்த ஒன்றிரண்டு கைகள் மெதுவாகக் கீழே வந்தன. ஒருவர் கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டார். பிரமிளா தன் வளையலை எண்ணினாள். எப்போதாவது புதுப் பொட்டு வாங்குகிறவர்கள், ஊரிலிருந்து திரும்புகிறவர்கள் பேச்சு ஒன்றிரண்டு இப்படிச் சிதறுமாம். அதற்காக வருடக்கணக்காக வலை விரித்து வைத்திருந்திருக்கிறார்கள். என்னால் மூன்று வாரம் நல்ல மீன்பாடு.

"எனக்கு என்ற பேரன் மாத்தி உட்டுட்டான் போல இருக்குது" என்றார் ஒருவர்.

"உங்களுக்குப் பேரனே இல்லீங்களே" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நாப்பத்தொண்ணுன்னு மினிட்ஸ்ல எழுதிட்டேனே" என்றார் ராஜமாணிக்கம், மெல்லிய குரலில்.

அதற்குப் பிறகு எல்லோரும் என்னிடம் அளவுக்கு மீறி மரியாதையாக இருந்தார்கள். நீக்குகிற பேச்சு அடிபட்டுப் போனது. ராஜமாணிக்கம் மட்டும் இரண்டு முறை, "இருந்தாலும் எடுத்துடறது நல்லதுங்க" என்றார். யாரும் ஆதரிக்கவில்லை. ஜெசிந்தா ஒரு வழி சொன்னாள். தண்டபாணியின் முகவரியை என் வீட்டு போர்ட்டுக்கு நேராகக் கையால் எழுதி வைத்துவிடலாம். கையால் எழுதியதைப் பெட்டி மறக்காது. பிறகு என் பேச்சு என் அலமாரியைத் தாண்டிப் போகாது. செவ்வாய்க்கிழமை படிவம் கொண்டு வருவாள், நான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஞாயிறு மாலை ஆறு மணிக்குள்ளேயே எல்லோரும் 'எல்லாம் கேள்' என்பதை அணைத்துவிட்டு, அணைத்தேன் என்று கையெழுத்திட வேண்டும் என்று செயலாளர் சுற்றறிக்கை விட்டார். நாற்பத்தொரு பேரும் போட்டார்கள்.

எனக்கு அது ஆறவில்லை. என் அந்தரங்கத்தை வைத்து மூன்று வாரம் பொழுதுபோக்கிவிட்டு ஒரு கையெழுத்தில் முடித்துக்கொண்டார்கள். ஊரே என்னைக் கேட்டது, நான் ஒருநாள் ஊரைக் கேட்டால் என்ன என்று ஏழாவது பக்கத்துக்குப் போனேன். "நிச்சயமா?" என்றது. நிச்சயம் என்றேன். "நிச்சயமா?" என்றது. என் கணவரே என்னை அப்படி இரண்டு முறை கேட்டதில்லை.

ஒன்றும் கேட்கவில்லை. எல்லோர் பேச்சும் அவரவர் இடத்துக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது போலிருக்கிறது. அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு, அடுப்பில் பால் வைத்திருந்தேன். காதுக்குள் ஓர் ஆண் குரல்.

"தண்டபாணி."

நான் சமையலறையில் சுற்றிப் பார்த்தேன்.

"மூணு வாரம் பேச முடியலீங்க. உங்களுக்கு வர்றது ஊருக்கே போகுதுன்னு தெரிஞ்சதும் வாயை மூடிட்டேன். இப்பப் பயமில்லை. எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டேன்."

ராஜமாணிக்கம். நடந்துகொண்டே பேசுவதால் மூச்சு வாங்கியது. அவரும் என் கணவரும் தினமும் காலையில் கட்டடத்தைப் பன்னிரண்டு சுற்று நடப்பார்கள். என் கணவர் விழுந்தது அந்த நடையில்தான்.

"உங்க ஊட்டம்மா நேத்துக் கூட்டத்துல என்னைப் பாத்த பார்வையில, நல்ல வேளை நான் தொப்பி போட்டிருந்தேன். உங்க முகவரியை எடுக்கச் சொன்னது நாந்தானுங்க. கோவிச்சுக்காதீங்க. அது இருக்கற வரைக்கும் என்னால நிறுத்த முடியாது. பதினாலு மாசமா அதையேதான் சொல்லீட்டிருக்கேன். உங்களுக்கும் சலிச்சிருக்கும்."

நான் அடுப்பை விட்டு அலமாரிப் பக்கம் திரும்பினேன்.

"ஏழாவது சுத்துல நான் வேகமாப் போயிட்டேன். தண்ணித் தொட்டிகிட்ட நீங்க நின்னது ஓரக்கண்ணுல தெரிஞ்சுது. செருப்பு வாரைச் சரி பண்றீங்கன்னு நெனச்சேன். திரும்பிப் பாக்கலை. ஒரு சுத்து சுத்தித்தான் வந்தேன். மூணு நிமிஷம் இருக்குமுங்க. அந்த மூணு நிமிஷம், தண்டபாணி."

பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

பதினாறாம் நாளுக்குப் பிறகு இந்த மனிதர் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என்னை எதிரில் கண்டால் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்குவார். அதைப் பதவித் திமிர் என்று நான் என் கணவரிடம் பதினான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே அலமாரியில் ஒரே பொட்டுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. நடுவில் இருந்தவர் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

பால்கனிக்குப் போனேன். கீழே தொப்பி வைத்த தலை சுற்றிக்கொண்டிருந்தது.

ராஜமாணிக்கத்தின் முகவரிக்கே நான் நேராகப் பேசியிருக்கலாம். பேசினால், நான் கேட்டுவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இத்தனை மாதம் ஒளித்து வைத்தது, யார் காதில் விழக் கூடாது என்று நினைத்தாரோ அவள் காதிலேயே விழுந்துவிட்டது என்றால், அந்த மனிதர் அதற்குப் பிறகு படியில்கூட இறங்க மாட்டார். ஆனால் நான் என் கணவரிடம் பேசலாம். அதைத்தான் எல்லா நாளும் செய்கிறேனே. ராஜமாணிக்கம் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத் தன்னுடையதை மட்டும் அணைத்திருக்க மாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முப்பது வருடம் வகுப்பறைக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பழகியவர்.

"ஏனுங்" என்றேன். மறுபடி ஆரம்பித்தேன். "ஏனுங், ஒண்ணு உங்ககிட்டச் சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் பொண்ணு சொல்லுச்சுங். நின்ன எடத்துலயே, கீழ விழறதுக்கு முன்னாலயே எல்லாம் முடிஞ்சு போச்சாமா. பக்கத்துல ஒரு டாக்டரே கையைப் புடிச்சுட்டு நின்னிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாமா. மூணு நிமிஷமெல்லாம் கெடையாதுங். அரை நிமிஷங்கூட இல்லை. கூட நடந்தவங்ககிட்ட அன்னைக்கே சொல்லியிருக்கணும். எனக்குத் தோணலை. நீங்களாவது ஞாபகப்படுத்தியிருக்கலாம்."

கீழே தொப்பி நின்றது. அவர் மேலே பார்க்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதன் மேலேயே உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அப்போது காதில் பிரமிளாவின் குரல் கேட்டது.

"தண்டபாணி அங்கிள், ராஜமாணிக்கம் சார் ரொம்ப நேரமா உக்காந்திருக்காருங்க. நான் தண்ணி எடுத்துட்டு இறங்கறேன். ஆன்ட்டியைப் பதற வேண்டாம்னு சொல்லுங்க."

அணைத்தேன் என்று முதலில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

அவள் முடிப்பதற்குள் இன்னொரு குரல். "தண்டபாணி சார், ரெண்டாம் மாடிங்க. அவரைத் தனியா நடக்க விட வேண்டாம். நான் செருப்பு மாட்டிட்டு வர்றேன்." அதற்குப் பின்னால் ஒன்று: "சார், அந்தத் தொட்டி மேல ஈரமா இருக்கும், ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க." இன்னொன்று, தயங்கித் தயங்கி: "தண்டபாணி சார், கேட்டதுக்கு மன்னிச்சுக்குங்க. நாங்க நாயை அவுத்து உடலாமுங்களா?"

கடைசியில் தொட்டியின் மேலிருந்து ராஜமாணிக்கத்தின் குரல் வந்தது, கரகரப்பாக. "தண்டபாணி, இதுல பொய்க் கையெழுத்து போட்டது யாரு யாருன்னு எனக்குக் குரல் வெச்சே தெரியுது. அதை அவங்களுக்குச் சொல்லிடுங்க."

அன்று காலை ஏழரை மணிக்குள் என் கணவரிடம் பதினாறு பேர் பேசினார்கள். உயிரோடிருந்தபோது ஒரு வருடத்துக்கு அத்தனை பேர் அவரிடம் பேசியிருக்க மாட்டார்கள். நான் பால்கனியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிரமிளா சொம்போடு கீழே ஓடுவது தெரிந்தது. இரண்டாம் மாடிக்காரர் செயலாளரின் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். இருவரும் எட்டாவது சுற்றை மெதுவாக ஆரம்பித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா படிவத்தோடு வந்தாள். நான் அவளுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, படிவத்தைப் பேனாவோடு அவள் பக்கமே திருப்பி வைத்தேன்.

"வேண்டாம் கண்ணு."

"எழுதலைன்னா பெட்டிக்கு அவரை எப்பவுமே தெரியாதுங்க ஆன்ட்டி. நீங்க என்ன பேசினாலும் எல்லாக் கதவையும் தட்டும்."

"தட்டட்டும்."

"உங்க சொந்த விஷயமெல்லாம் போகுமேங்க."

"அதைத் தொண்டைக்குக் கொண்டு வராம மனசுலயே நெனச்சுக்கறேன். அவருக்கு அதுவே போதும்."

அவள் அலமாரியில் இருந்த நீல விளக்கைப் பார்த்தாள். படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டியில் வேறு ஏதோ பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

மூன்று மணிக்கு நான் என் தேநீரோடு உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குரல் முந்திக்கொண்டது. பின்னால் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது.

"தண்டபாணி சார், வணக்கங்க. டெஸ்ட்டுக்குத்தான் பேசறேன். நான் ஜெசிந்தா, பெட்டி ரூம்ல இருந்து. உங்களுக்கு என்னைத் தெரியாது." பேச்சு நின்று, மறுபடி வந்தது. "ஒரு அஞ்சு நிமிஷம் இருக்குதுங்களா?"